ஒரு நாள் தலைவர்

செத்துப்போன மனுஷனை எழுப்பி உட்காரவைத்துக் கையெழுத்து வாங்குகிற அளவுக்குக் கேவலம் போகும் என்று ஒலீட்டா நோவபி நினைத்ததில்லை. காற்று வாரியத்தைப் பற்றி அவளுக்கு என்றைக்கும் நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லைதான். மூச்சு விடுவதற்கு மாதாமாதம் கட்டணம் வசூலிக்கிற கூட்டத்தின்மேல் யாருக்கு நல்ல அபிப்பிராயம் இருக்கும்? ஆனாலும் கேவலத்துக்கும் ஒரு தரை உண்டு, அதற்குக் கீழே போக முடியாது என்று நம்பிக்கொண்டிருந்தாள். தணிகைநாதன் வந்து அந்தத் தரையையும் பெயர்த்துக் காட்டினார்.

தணிகைநாதன் வாரியத்தின் சட்ட அதிகாரி. சென்னையில் பிறந்து, சந்திரனில் படித்து, செவ்வாய்க்கு வந்து சேர்ந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். எதிரில் இருப்பவர் வயிற்றில் அடிக்கும்போதும் ‘அம்மா’ போட்டுத்தான் அடிப்பார். அன்று காலை ஒலீட்டாவின் வீட்டுக் கதவைத் தட்டி, காலணியைக் கழற்றி ஓரமாக வைத்து, அவள் மகள் லவீனா கொடுத்த தண்ணீரையும் குடித்து முடித்த பிறகே விஷயத்துக்கு வந்தார்.

“சுத்தி வளைக்காம சொல்லிடறேம்மா. உங்க அப்பாவைத் திரும்பக் கொண்டுவந்திருக்கோம். இன்னிக்கு ஒரு நாளைக்கு.”

லவீனா கையிலிருந்த குவளையை அப்படியே மேசையில் வைத்தாள். பதினேழு வயசுப் பெண். தாத்தா சைலஸ் செத்த அன்று சாப்பாட்டை ஒதுக்கியவள், ஆளே பாதியாகிப்போன பிறகுதான் பழையபடி தட்டைத் தொட்டாள்.

“பிரதியா?” என்றாள் ஒலீட்டா.

“அப்படிச் சொல்லாதீங்க. மூளைப் பதிவு அவரோடது. ஞாபகம் அவரோடது. உடம்பு மட்டும் நாங்க குடுத்தது. காத்து உரிமம் புதுப்பிக்கும்போது வருஷா வருஷம் எல்லாருக்கும் தலையைப் பதிவு எடுக்கறோமே, அதுல இருந்துதான்.”

“அதை மருத்துவத்துக்குன்னு சொல்லித்தானே எடுத்தீங்க?”

“மருத்துவத்துக்குத்தான். சாவும் ஒரு வியாதிதானேம்மா.”

சொல்லிவிட்டுப் புன்னகை வேறு. அந்தப் பல்லைப் பார்க்கவே ஒலீட்டாவுக்குப் பிடிக்கவில்லை.

எதற்காக என்று அவள் கேட்கவில்லை. டஸ்கஹோமாவில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அது அமெரிக்கப் பழங்குடியினரான சாக்டா மக்களின் ஊர். பூமியில் ஆறுகள் வற்றியபோது அவர்களில் ஒரு பகுதியினர் கப்பலேறி வந்து, செவ்வாயின் வடக்கே பனிவயலை ஒட்டிக் கோளக் கூடாரங்கள் போட்டுக் குடியேறினார்கள். கூடாரத்தின் விரிசலெல்லாம் அடைபடுவதற்கு முன்பே உட்கார்ந்து அரசியல் சட்டம் எழுதினார்கள். மூன்று வட்டம், ஒரு சபை, ஒரு தலைவர். பனிவயல் ஊருக்குச் சொந்தம்; தலைவர் கையெழுத்து இல்லாமல் ஒரு பிடி பனியைக்கூட யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது.

பிறகு வாரியம் வந்தது. சபையைக் கலைத்தது, தேர்தலைத் தடை செய்தது. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் அதனால் தாண்ட முடியவில்லை. தலைவர் கையெழுத்து எங்கே என்று பூமியில் நீதிமன்றம் கேட்டது. பனிவயலும் போய்விட்டால் குடிக்கிற தண்ணீரையும் வாரியத்திடம்தான் வாங்கவேண்டும். மூச்சு ஏற்கனவே அவர்கள் பிடியில். அப்புறம் ஊர் என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது?

“இன்னிக்கு மாலை மணி அடிக்கற வரைக்கும் உங்க அப்பாவைத் தலைவரா வாரியம் நியமிச்சிருக்கு,” என்றார் தணிகைநாதன். “அவர் கையெழுத்துப் போடத் தயார். ஒரே ஒரு சம்பிரதாயம் பாக்கி. பிரதியோட கையெழுத்து செல்லணும்னா, உயிரோட இருக்கற நெருங்கின ரத்த உறவு ஒருத்தர் மட்டும் நேர்ல பாத்து ‘இவர் அவரேதான்’னு சொல்லணும். நீங்கதான் இருக்கீங்க.”

“உயிரோட இருக்கறவங்கள்ல ஒரு ஆளு கிடைக்கலையா உங்களுக்கு?”

“கிடைக்காமலா? ஊர் ஒத்துக்காது. சைலஸ் நோவபி போட்டா ஒத்துக்கும்.”

ஒலீட்டா சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

“இந்த வித்தை உங்களோடதுன்னு நினைச்சுக்காதீங்க. பழைய வித்தை. பூமியில எங்க சபையோட அதிகாரத்தைப் பிடுங்கினாங்களே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறுல. அதுக்கப்புறம் ரொம்ப காலம் அமெரிக்க ஜனாதிபதி கைகாட்டின ஆள்தான் எங்களுக்குத் தலைவர். பக்கத்து இனங்களுக்கு ஒரே ஒரு நாளைக்குக்கூடத் தலைவர் வெச்சாங்க. காலையில தலைவர், மத்தியானம் பத்திரத்துல கையெழுத்து, சாயங்காலம் போய் மாட்டைக் கட்டு. அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும்.”

“படிச்சிருக்கேம்மா,” என்றார் தணிகைநாதன், அடக்கமாக. “முன்னுதாரணம் இருந்ததாலதான் எங்க வேலை சுலபமாச்சு.”

வெளியே போடா என்று சொல்ல ஒலீட்டா வாயைத் திறந்தாள். லவீனா முந்திக்கொண்டாள்.

“போய்ப் பாரும்மா.”

“எதை?”

“தாத்தாவை. நிஜமாவே தாத்தாவா இருந்தா?”

“தாத்தாவா இருந்தா கையெழுத்துப் போட மாட்டாரு.”

“அதை அவர் சொல்லட்டும். நீ பாக்காமயே எப்படி இல்லைன்னு சொல்லுவே?” பெண்ணின் கண் கலங்கிவிட்டது. “என்னை விடமாட்டாங்களாம். நீயாவது பாத்துட்டு வந்து சொல்லு.”

மகளின் முகத்தைப் பார்த்தபடி மறுக்க அவளால் முடியவில்லை. தணிகைநாதன் ஏற்கனவே காலணியை மாட்டிக்கொண்டு நின்றார்.

*

சபை மண்டபத்தை வாரியம் தன் அலுவலகமாக ஆக்கியிருந்தது. வட்டமாகப் போட்டிருந்த பெஞ்சுகளைப் பிய்த்தெடுத்துவிட்டு வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள். நடுவில் மேசை. மேசைக்குப் பின்னால் அவள் அப்பா உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“வா அம்மாடி,” என்றார். “என்ன இப்படி இளைச்சுப்போயிட்டே?”

குரல் அச்சு அசல் அதே குரல். இடது புருவத்தைத் தூக்கி அவளைப் பார்த்த பார்வையும் அதே. இழுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தாள். கையை நீட்டினார், அவளும் பிடித்துக்கொண்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. படுபாவிகள், சூட்டைக்கூடச் சரியாக வைத்திருந்தார்கள்.

“லவீனா எப்படி இருக்கா? இன்னும் நகத்தைக் கடிக்கறாளா?”

“கடிக்கறா.”

“கடிக்கட்டும். நீயும் கடிச்சவதான்.”

அவள் அழுதாள். அழுகையை அடக்கிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அவர் சாப்பிடுவது என்னவென்று கண்ணில் பட்டது. பாசிக் கூழ். வாரியம் இலவசமாகப் போடுகிற பச்சைக் கூழ், அழுகின மீன் வாடை அடிக்கும். சைலஸ் நோவபி உயிரோடு இருந்தவரை அதை ஒரு வாய் வைத்ததில்லை. பக்கத்து வீட்டில் கிண்டினாலே மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுவார். இங்கே அவர் கிண்ணத்தை விரலால் வழித்து நக்கினார்.

“நல்லா இருக்காப்பா?”

“பசிக்கு எதுவும் நல்லாத்தான் இருக்கும் அம்மாடி.”

ஒலீட்டா மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். கூழ் ஒன்றும் பெரிய விஷயமில்லை. புது உடம்பு, புது நாக்கு, பிடித்துப்போயிருக்கலாம். அப்படித்தான் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

“அப்பா, ஆண்டு விழாவில பழைய சட்டங்களைப் பத்திப் பேசுவீங்களே. அதை ஒரு தடவை சொல்லுங்க. கேக்கணும்போல இருக்கு.”

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஆயிரத்து எண்ணூத்து இருபத்தாறுல மிசிசிப்பியில, நம்ம சொந்த மண்ணுல உக்காந்து முதல் சட்டம் எழுதினோம். நாலே வருஷத்துல உடன்படிக்கைன்னு சொல்லி அந்த மண்ணைப் பிடுங்கிட்டாங்க. மேற்கே நடந்தோம். குளிர்லயும் காலராவுலயும் வழியெல்லாம் பொணம். போய்ச் சேர்ந்தவங்க அழுது முடிக்கறதுக்குள்ள, முப்பத்துநாலுல, திரும்ப சட்டம் எழுதினாங்க. ஆளை விரட்டலாம், சபையை விரட்ட முடியாது. அதுக்கப்புறமும் மாத்தி மாத்தி எழுதினோம். அதுல ஒரு சட்டத்துல, ஆப்பிரிக்க ரத்தம் உள்ளவங்க சபையில பதவி வகிக்கக் கூடாதுன்னு போட்டாங்க. நம்ம பெரிய வீட்டுக்காரங்க அடிமை வெச்சிருந்தாங்க, கூடவே நடத்திக் கூட்டிட்டு வந்தாங்க. அந்தக் காலம் அப்படி. எல்லாரும் செஞ்சதுதான். அப்புறம் அறுபதுல…”

அவர் பேசிக்கொண்டே போனார். ஒலீட்டா கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அந்த இடத்தை அவள் அப்பா ஒரு தடவைகூடத் தாண்டிப் போனதில்லை. அந்த வரி வந்ததும் குரல் நின்றுவிடும். அந்த அடிமைகளின் வம்சத்துக் குடும்பங்கள் மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும். அவரே வற்புறுத்தி அவர்களை அங்கே உட்காரவைப்பார். அவர்களைப் பார்த்து, ‘நம்மை விரட்டினவன் நம்ம மேல பூசின அசிங்கத்தை நாமளே எடுத்து இன்னொருத்தன் மேல பூசினோம்’ என்பார். ஒரு வருஷம் அந்த இடத்தில் நிஜமாகவே ஓங்கரித்துக்கொண்டு வெளியே ஓடினார். செவ்வாயில் எழுதின சட்டத்தில் அந்தக் குடும்பங்களின் பெயர் முதல் பக்கத்திலேயே ஏறியது அவர் பிடித்த பிடியால்தான். அந்த மனுஷனா ‘எல்லாரும் செஞ்சதுதான்’ என்கிறார்?

அவள் தணிகைநாதன் பக்கம் திரும்பினாள்.

“இவர்கிட்டேருந்து எதை எடுத்தீங்க?”

தணிகைநாதன் மறைக்கவில்லை. மறைக்கவேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

“முதல்ல எதையும் எடுக்கலைம்மா. எழுப்பினோம், விஷயத்தைச் சொன்னோம், காறித் துப்பினாரு. திரும்ப எழுப்பி, கோபத்தைக் குறைச்சோம். அமைதியா துப்பினாரு. பயத்தைக் கூட்டினோம். நடுங்கிக்கிட்டே துப்பினாரு. அப்புறம்தான் எங்க ஆளுங்களுக்குப் புரிஞ்சுது. அவரைத் தடுக்கறது கோபமும் இல்ல, தைரியமும் இல்ல. குமட்டல். கெட்டுப்போன சோத்தை மோந்தா வருமே, அதே குமட்டல்தான். அதை மட்டும் எடுத்தோம். மத்ததெல்லாம் அவரேதான்.”

“எத்தனை தடவை எழுப்பினீங்க?”

“கணக்கு எதுக்கும்மா, மனசுக்குக் கஷ்டம்.”

ஒவ்வொரு தடவையும் எழுந்து, ஒவ்வொரு தடவையும் துப்பி, ஒவ்வொரு தடவையும் அணைக்கப்பட்ட தன் அப்பாவை ஒலீட்டா நினைத்துப் பார்த்தாள். சோற்றுப்பானையில் எலி செத்துக் கிடப்பதைக் கண்ட மாதிரி அவள் உடம்பு முழுக்கக் கூசியது. எதிரே அவர் இன்னும் சிரித்த முகமாகவே உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதில் அவருக்கு எந்த அருவருப்பும் இல்லை. எப்படி இருக்கும்?

அவள் மேசைமேல் இருந்த சாட்சி ஒலிப்பதிவுக் கருவியின் பக்கம் குனிந்து நிதானமாகச் சொன்னாள்.

“ஒலீட்டா நோவபி சொல்றேன். இவர் எங்க அப்பா இல்ல.”

அருவருப்பைத்தான் எடுத்திருந்தார்கள், வலியை எடுக்கவில்லை போலிருக்கிறது. அவர் முகம் சுருங்கியது.

“அம்மாடி, என்ன சொல்றே? என்னைத் தெரியலையா உனக்கு?”

அவள் கருவியிடமிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“சரிம்மா,” என்றார் தணிகைநாதன். “பதிவாயிடுச்சு. நீங்க கிளம்பலாம். வண்டி சொல்றேன்.”

ஒலீட்டா எழுந்திருக்கவில்லை.

“மாலை மணி வரைக்கும் இவர்தானே தலைவர்? அதுவரைக்கும் நானும் இருக்கேன்.”

“எதுக்கு? அதான் மாட்டேன்னு சொல்லிட்டீங்களே.”

“சொல்லிட்டு வீட்டுக்குப் போனதுதான் எங்க பாட்டன் பூட்டன் செஞ்ச தப்பு. மிசிசிப்பி மண்ணைக் கேட்டு வந்தாங்களே, அந்த முப்பதாம் வருஷம், நடன முயல் ஓடைக் கரையில. ஆயிரக்கணக்குல கூடி, முடியாதுன்னு சொன்னோம். முடியாதுன்னு சொன்னா முடிஞ்சுபோச்சுன்னு நம்பி, முக்கால்வாசிப் பேரு மூட்டையைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. மிச்சம் இருந்தவங்ககிட்ட மிரட்டியும் பேசியும் கையெழுத்தை வாங்கிட்டாங்க. அதனால இந்த ஊருல ஒரு வழக்கம். மாட்டேன்னு சொன்னவன் முதல்ல எழுந்திருக்கக் கூடாது. கேக்க வந்தவன் எழுந்து போகணும்.”

தணிகைநாதன் முதல்தடவையாக முகம் சுளித்தார். அவள் போனதும் ‘இவர் அவரேதான்’ என்று கருவியில் சொல்லவைக்க வேறொரு தூரத்துச் சொந்தத்தைப் பக்கத்து அறையில் தயாராக உட்காரவைத்திருந்தார் என்று பின்னால்தான் தெரிந்தது. நெருங்கின உறவு எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது தூரத்து உறவு எடுபடாது.

அவள் உட்கார்ந்தாள். எழுதிவிடுகிறேன் சுலபமாக, உட்கார்ந்தாள் என்று. எதிரே அப்பா. அவளுக்கு நீச்சல் தொட்டியில் மூச்சுத் திணறியதைச் சொன்னார். அவள் கல்யாணத்தன்று பெய்த தூசி மழையைச் சொன்னார். அவள் அம்மா சாகும்போது என்ன சொன்னாள் என்பதைச் சொன்னார், அதுவரை அவளிடம் யாரும் சொல்லாதது. எல்லாம் நிஜம். “ஒரு வார்த்தை பேசேன் அம்மாடி,” என்று கெஞ்சினார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பேசினால் அப்பா என்று கூப்பிட்டுவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

மாலை மணி அடித்தது. ஒரு தொழில்நுட்பப் பணியாளன் வந்து அவர் பின்கழுத்தில் கை வைத்தான்.

“நாளைக்கு வருவியா?” என்றார் அவர்.

தலை சாய்ந்துவிட்டது. உதட்டோரம் கூழ் ஒட்டியிருந்தது. பணியாளன் அதைத் தன் சட்டைக்கையால் துடைத்துவிட்டு, மூட்டையைத் தூக்குவதுபோல் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

*

வாசல்வரை தணிகைநாதன் கூடவே வந்தார். அவர் தோற்றுப்போன ஆள் மாதிரியே இல்லை.

“ஒரு பிரதியைத் தலைவரா வெக்க ஒரு நாள்தான் நீதிமன்றம் அனுமதிச்சிருக்கு. அப்பா கணக்கு முடிஞ்சுது. பெரிய மனசும்மா உங்களுக்கு.”

“வழியை விடுங்க.”

“இன்னிக்கு நீங்க செஞ்சது ஊர் முழுக்கப் பரவிடும். தலையில தூக்கி வெச்சுக்குவாங்க. யோசிச்சுப் பாருங்க, இனிமே உங்க கையெழுத்துக்குத்தான் இங்க மதிப்பு அதிகம்.”

ஒலீட்டா நின்றாள்.

“போன வாரம் உங்க பதிவையும் எழுப்பிப் பாத்தோம்,” என்றார் அவர், வானிலை சொல்கிற குரலில். “உயிரோட இருக்கறவங்களோட பிரதிக்கு உரிமை கிடையாது, சும்மா சோதனைக்குத்தான். முதல்ல உங்க அப்பா மாதிரியே துப்பினீங்க. அதை எடுத்ததும், கையெழுத்து எங்கே போடணும்னு கேட்டீங்க.”

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“வாரியத்துக்கு அவசரமே இல்லம்மா. பத்து வருஷமோ இருபது வருஷமோ, உங்க காலம் முடியற வரைக்கும் காத்திருப்பாங்க. அப்போ அடையாளம் சொல்ல உங்க மகளைத்தானே கூப்பிடணும்? பாசமான பொண்ணு, காலையிலயே கவனிச்சேன். இப்பவே அவகிட்ட பேசி வெச்சுட்டீங்கன்னா, ரெண்டு பேருக்கும் ஆயுசு முழுக்கக் காத்து இலவசம். நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அவள் துப்பினாள். அவர் காலணியில் விழுந்தது. அவர் கைக்குட்டையை எடுத்து, கோபமே இல்லாமல், குனிந்து துடைத்தார்.

வீட்டில் லவீனா கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தாள். செய்தி முன்னாலேயே வந்திருந்தது.

“இல்லைன்னு சொல்லிட்டியாம். நாள் முழுக்கக் கூட இருந்தும் ஒரு வார்த்தை பேசலையாம். தாத்தா கெஞ்சினாராமே?”

“ஆமா.”

“எப்படிம்மா உனக்கு மனசு வந்துச்சு?”

ஒலீட்டா அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். கூழிலிருந்து வாசலில் கேட்டதுவரை ஒன்றையும் விடவில்லை. லவீனா நடுவில் எழுந்துபோய்க் கழுவுதொட்டியில் வாந்தி எடுத்துவிட்டு வந்தாள். ஒலீட்டா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு மேசைக்கு அந்தப் பக்கம் போய், மகளுக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டாள்.

“இப்ப நான் செத்துட்டேன். இங்க உக்காந்திருக்கறது அவங்க எழுப்பினது. சொல்லு, இது எங்க அம்மா இல்ல.”

“போம்மா. எனக்கு வேணாம்.”

“சொல்லு.”

“இது… இது எங்க அம்மா…” முகத்தை மூடிக்கொண்டாள்.

“கையை எடு. முகத்தைப் பாத்துச் சொல்லணும். நான் சிரிப்பேன். உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். நீ பொறந்த கதையைச் சொல்லுவேன். எல்லாம் நிஜமாத்தான் இருக்கும்.” ஒலீட்டா குரலைத் தழைத்துக்கொண்டாள், அவளைத் தூங்கவைக்கிற காலத்துக் குரலாக. “வா குட்டி. சாப்பிட்டியா? அம்மாவைத் தெரியலையா உனக்கு?”

லவீனா விம்மினாள். ஒலீட்டா காத்திருந்தாள், மறுபடி அதையே சொன்னாள், பெண் உடைந்தபோதெல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்தாள். சாப்பாடு ஆறிப்போயிற்று.

கடைசியில் லவீனா கையை மடியில் வைத்துக்கொண்டு, தாயின் கண்ணை நேராகப் பார்த்து, குரல் கொஞ்சமும் நடுங்காமல் சொன்னாள். “இது எங்க அம்மா இல்ல.”

“நல்லா வந்துச்சு,” என்றாள் ஒலீட்டா. “நாளைக்கும் சொல்லிப் பாக்கணும். தட்டை எடு, சாப்பிடலாம்.”